நகல் கேட்டால் ஏன் முகம் மாறுகிறது?

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. ஊழலை ஒழிப்போம் என்று சொல்லாமல் ஓட்டுக் கேட்ட ஒரு கட்சியை நான் இதுவரை பார்த்ததில்லை. லஞ்சம் நல்லதுதான் என்று மேடையில் யாரும் பேசிக் கேட்டதும் இல்லை. எதிர்க்கட்சியில் இருக்கும்போது பட்டியல் வாசிப்பார்கள், நாற்காலிக்கு வந்ததும் எதிரில் இருப்பவர் அதே பட்டியலைத் திருப்பி வாசிப்பார். நமக்கும் பழகிவிட்டது. ஆனால் அதே மனிதர்களிடம் போய், "ஐயா, நம்ம தெரு ரோட்டுக்குப் பில் போட்டீர்களே, அதில் ஒரு நகல் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறும். இன்றைக்கு நான் பேச வந்தது அந்த முகமாற்றத்தைப் பற்றித்தான்.

அதைப் புரிந்துகொள்ள ராஜஸ்தான் வரை போய்வர வேண்டும். ராஜ்சமந்த் பக்கம் தேவ்டுங்ரி என்று ஒரு சின்ன ஊர். 1987-ல் அங்கே ஒரு மண் வீட்டில் சிலர் குடியேறுகிறார்கள். அவர்களில் அருணா ராய் ஐ.ஏ.எஸ். வேலையை உதறிவிட்டு வந்தவர். பிறந்தது நம்ம சென்னையில்தான், இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை, மன்னித்துக்கொள்ளுங்கள். நிகில் தே, சங்கர் சிங் இருவரும் உடன் இருந்தார்கள். 1990 மே 1 அன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், அதாவது உழைப்பாளர் விவசாயி சக்தி அமைப்பு, தொடங்குகிறது.

அது வறட்சிப் பகுதி. அரசு வறட்சி நிவாரண வேலை கொடுக்கும்: குளம் வெட்டுவது, ரோடு போடுவது. நாளெல்லாம் வெயிலில் மண் சுமந்துவிட்டுக் கூலிக்குப் போய் நின்றால், குறைந்தபட்சக் கூலியில் பாதிகூட வராது. ஏன் என்று கேட்டால், "நீங்கள் அவ்வளவு வேலை செய்யவில்லை, தாளில் இருக்கிறது" என்பார்கள். சரி, அந்தத் தாளைக் காட்டுங்கள் என்றால், "அது ரகசியம், காட்ட முடியாது." கவனியுங்கள், கூலிச் சண்டையாகத் தொடங்கியதுதான் இது. பசித்தவர் தன் கூலியைத் தேடிப் போனார், வழியில் ஒரு பூட்டிய பீரோ நின்றது.

அந்தத் தாளுக்குப் பெயர் மஸ்டர் ரோல். நம் ஊரில் என்.எம்.ஆர். என்பார்கள். யார் யார் வேலைக்கு வந்தார்கள், எத்தனை நாள், எவ்வளவு கூலி, எதிரே கைநாட்டு. எப்படியோ சில நகல்களைக் கையில் வாங்கி, 1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டம் கோட் கிரானாவில் ஒரு பந்தல் போட்டார்கள். மக்கள் விசாரணை என்று பெயர். விசாரணை என்றதும் நீங்கள் கூண்டையும் வக்கீலையும் நினைப்பீர்கள். அதெல்லாம் இல்லை. மைக்கில் பெயர்களை வாசித்தார்கள், அவ்வளவுதான். இன்னார், இத்தனை நாள் வேலை, இவ்வளவு கூலி வாங்கியிருக்கிறார் என்று வாசித்தால், கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, "நான் அந்த வேலைக்குப் போகவே இல்லையே" என்பார். இப்படி வாசிக்க வாசிக்க, செத்துப்போனவர் மண் சுமந்திருப்பார், பிழைப்புக்கு வெளியூர் போனவர் கைநாட்டு வைத்திருப்பார். கணக்கில் கட்டி முடித்ததாக இருந்த கட்டடத்துக்கு நேரில் கூரை இல்லை.

எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கணக்குத் தணிக்கை என்றால் பட்டம் வேண்டும், பயிற்சி வேண்டும் என்போம். நானே அந்த வேலையில் முப்பது வருடம் இருந்தவன். இல்லாத தடுப்பணைக்குச் சிமென்ட் வாங்கிய ரசீதைக் கொடுத்தால் நான் கூட்டல் சரியா, கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பேன், பச்சை மையில் டிக் போடுவேன். அந்த ஊரில் ஆடு மேய்க்கும் பெண்ணுக்குத்தான் அங்கே தடுப்பணையே இல்லை என்பது தெரியும். ரசீதை யார் பார்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இது அதிகாரிகளுக்கும் உடனே புரிந்துவிட்டது. நகல் கொடுக்கச் சொன்னதும் கிராம சேவகர்கள், அதாவது ஊராட்சிக் கணக்கை வைத்திருக்கும் அரசு ஊழியர்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள்! அரசாங்கத் தணிக்கையாளர் வந்து பார்க்கட்டும், பொதுமக்கள் பார்க்கக் கூடாது என்றார்கள். சம்பள உயர்வுக்கு நடந்த வேலைநிறுத்தம் நிறையப் பார்த்திருக்கிறேன். கணக்குக் காட்ட மாட்டோம் என்று நடந்த வேலைநிறுத்தம் அதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம் அரசியல் உள்ளே வருகிறது. 1995 ஏப்ரலில் முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத், ஊராட்சி வேலைகளின் ஆவண நகல்களை மக்கள் பெறலாம் என்று சட்டமன்றத்திலேயே அறிவிக்கிறார். ஒரு வருடம் ஓடுகிறது, ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரத்தில் சாங் கேட் அருகே தர்ணா தொடங்குகிறது. நாடாளுமன்றத் தேர்தல் நேரம் வேறு. தர்ணா தொடங்கிய அன்றே அரசு ஓர் ஆணை போட்டது. ஆவணங்களைப் பார்க்கலாம், கையால் எழுதிக்கொள்ளலாம், ஆனால் ஜெராக்ஸ் மட்டும் கிடையாது!

பார்க்க விட்ட பிறகு ஜெராக்ஸில் என்ன வந்தது என்று தோன்றும். பார்த்ததை நாளைக்கு "அப்படி ஒன்றும் இல்லையே" என்று சொல்லிவிடலாம். கையால் எழுதியதை "தப்பாக எழுதிக்கொண்டாய்" என்று சொல்லலாம். நகலை அப்படித் தள்ளிவிட முடியாது. அது வழக்குக்குப் போகும், காவல் நிலையத்துக்குப் போகும். ஆணை போட்ட அரசுக்கு இது நன்றாகத் தெரியும்.

நாற்பது நாள் உட்கார்ந்தார்கள். கிராமத்து வீடுகள் கோதுமை கொடுத்தன, பியாவர் கடைக்காரர்கள் காய்கறி கொடுத்தார்கள். "நம்ம பணம், நம்ம கணக்கு" என்பதுதான் கோஷம். அந்த அமைப்பைச் சேர்ந்த, அதிகம் படிக்காத ஒரு பெண்ணிடம் டெல்லியில் பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள், உங்களுக்கு எதற்கம்மா இந்த உரிமை என்று. மகனைப் பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன், என் பெயரைச் சொல்லி அரசாங்கம் கோடி கோடியாகச் செலவு செய்கிறதே, அதற்குக் கேட்க வேண்டாமா என்றார்.

அப்படியும் நகல் கைக்கு வரவில்லை. 1997-ல் ஜெய்ப்பூரில் மறுபடியும் 53 நாள் தர்ணா. முடிவில் துணை முதல்வர் அறிவிக்கிறார்: நகல் கொடுக்கும் விதியை ஆறு மாதத்துக்கு முன்பே அரசிதழில் வெளியிட்டுவிட்டோம் என்று! தகவல் கேட்டு மக்கள் தெருவில் கிடக்கிறார்கள், தகவல் தரப்படும் என்ற தகவலே அவர்களுக்குத் தரப்படவில்லை.

அதே 1997-ல் இந்தியாவிலேயே முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் போட்ட மாநிலம் எது தெரியுமா? தமிழ்நாடு. கைதட்ட வேண்டாம். விலக்குகளை அடுக்கி அடுக்கி, கடைசியில் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாத சட்டம் அது. உருப்படியான சட்டம் நாடு முழுவதற்குமாக 2005 அக்டோபர் 12-ல்தான் நடைமுறைக்கு வந்தது. முப்பது நாளில் பதில், தாமதித்தால் நாளுக்கு 250 ரூபாய் என்று 25,000 வரை அபராதம்.

அதற்கு மூன்று வருடம் கழித்து, 2008-ல் இங்கே ஓர் அரசாணை போட்டார்கள். தகவல் சட்டத்துக்கு வெளியே ஒரு துறையை எடுத்துவிட்டார்கள். எந்தத் துறை? லஞ்ச ஒழிப்புத் துறை. ஊழல் குற்றச்சாட்டு சம்பந்தமான தகவலுக்கு இந்த விலக்கு பொருந்தாது என்று சட்டத்தின் 24-ஆம் பிரிவே சொல்கிறது. இருந்தும் போட்டார்கள். 2011-ல் ஆட்சி மாறியது, அந்த ஆணை மாறவில்லை. மேடையில் எலியும் பூனையுமாக இருப்பவர்கள் எந்த இடத்தில் ஒத்துப்போகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கதை ஒன்று. எங்கள் தெருவில் சிமென்ட் ரோடு போட்டார்கள். எஸ்டிமேட்டும் எம் புக்கும், அதாவது வேலையை அளந்து எழுதும் புத்தகமும், நகல் வேண்டும் என்று மனுப் போட்டேன். "தாங்கள் கோரிய ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை" என்று ஒரு வரி வந்தது. மேல்முறையீடு போட்டதும் அதே அலுவலகத்தில் அதே ஆவணம் கிடைத்துவிட்டது. கனம் 15 சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தது. குடிநீர்க் குழாய்க்காக ஓரமாக வெட்டியிருந்த இடத்தில் பேத்தியின் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். ஒன்பதுதான். புகார் கொடுத்தேன், யார் மீதும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அடுத்த தெருவில் ரோடு போடும்போது ஒப்பந்தக்காரர் வீட்டு வாசலுக்கே வந்து, "சார், வந்து அளந்து பார்த்துக்குங்க" என்றார். ஸ்கேலை எடுத்துக்கொண்டு போனேன். பதினைந்து இருந்தது.

கடைசியாக ஒன்று. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நிறைவேறியது. அதன் 44-ஆம் பிரிவு தகவல் சட்டத்தில் கை வைக்கிறது. முன்பு, தனிப்பட்ட தகவல் என்றாலும் பொது நலன் இருந்தால் தரலாம் என்று தகவல் சட்டத்தின் 8(1)(j) பிரிவிலேயே இருந்தது. இப்போது தனிப்பட்ட தகவல் என்றால் மறுக்கலாம், அவ்வளவுதான். வேறொரு பிரிவில், 8(2)-ல், பொது நலன் இருக்கிறதே என்று அரசு சொல்கிறது. இருக்கிறது, சரி. அதிகாரி மனது வைத்தால் கிடைக்கும். ஆனால் கோட் கிரானாவில் அன்றைக்கு மைக்கில் வாசித்தது என்ன? பெயர்களைத்தானே? மஸ்டர் ரோலில் பெயரை மறைத்துவிட்டால் மிச்சம் இருப்பது கூட்டல் தொகை. கூட்டல் எப்போதுமே சரியாகத்தான் இருக்கும். அதற்குத்தான் என்னைப் போன்றவர்கள் பச்சை மையோடு இருந்தோமே.

நேரமாகிவிட்டது என்று நூலகர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். மனு எழுதத் தெரியாதவர்கள் கொஞ்சம் இருங்கள். வெள்ளைத்தாள் நிறைய இருக்கிறது. மனுவில் ஒட்டும் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்தான் ஏழு பேருக்கு மட்டும் கொண்டுவந்திருக்கிறேன்.