கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் மூடியைக் கழற்றுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மார்த்தாண்டம், களியக்காவிளைக்காரர்கள், கேமையும் வீடியோவையும் வேகமாக ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு வாங்க நாகர்கோவிலுக்கும் போவார்கள், திருவனந்தபுரத்துக்கும் போவார்கள். எல்லைக்கு எந்தப் பக்கம் வாங்கினாலும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். வரியில் லாபம் இல்லை. கார்டு உங்கள் கம்ப்யூட்டருக்கு ஒத்துவருமா என்பதுதான் முக்கியம். அதனால் பஸ் ஏறும் முன் வீட்டிலிருக்கும் சிபியூவின் பக்க மூடியைக் கழற்றுங்கள்.

முதலில் எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துத் தரும் பெட்டி. ஸ்டிக்கரில் 450 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். கீழே கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்கினால் கார்டுக்கும் பிராசஸருக்கும் சேர்த்துக் கிடைப்பது தெரியும். 18 ஆம்பியர் என்றால் வெறும் 216 வாட். ஆர்டிஎக்ஸ் 3060 என்ற கார்டு மட்டுமே 170 வாட் இழுக்கும். பிராசஸருக்கு 65 வைத்தாலும் கணக்கு உதைக்கிறது. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்து கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். பழி கார்டின் மேல் விழும். ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட் போதும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்குக் கரண்ட் தரும் 6 பின், 8 பின் வயரே இல்லையா? பழைய நாலு பின் வயரில் மோலெக்ஸ் கன்வெர்ட்டர் போட்டு ஒப்பேற்றாதீர்கள், கனெக்டர் உருகலாம். கார்டைச் சொருகும் மதர்போர்டு ஸ்லாட் தருவது 75 வாட் வரைதான். அதற்குள் அடங்குவது 6 ஜிபி மெமரி உள்ள ஆர்டிஎக்ஸ் 3050. அதே 3050 பெயரில் வரும் 8 ஜிபி கார்டு 130 வாட் வரை கேட்கும். கம்பெனிக்காரர்கள் பெயர் வைக்கும் லட்சணம் அப்படி! பில் போடும் முன் அட்டைப்பெட்டியில் ஜிபியைப் படித்துவிடுங்கள்.

கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோக்காரர்கள் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு பக்கம் போகவே வேண்டாம். அதில் எடிட் செய்த வீடியோவை வேகமாகச் சுருக்கிச் சேமிக்கும் வீடியோ என்கோடர் கிடையாது. ஸ்லாட்டிலும் நான்கு லேன் (தகவல் போகும் பாதை) மட்டும்தான் பயன்படுத்தும். மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் உள்ள பழைய போர்டில் இன்னும் தடுமாறும். இன்டெல் ஆர்க் கார்டு வாங்கினால் மதர்போர்டின் பயாஸில் (அடிப்படை செட்டிங்) ரீசைசபிள் பார் என்ற வசதி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேகம் பாதாளத்துக்குப் போகும். பிராசஸரிலேயே கிராபிக்ஸ் இருந்தால் டைப்பிங், டேலி, ஆன்லைன் வகுப்புக்குக் கார்டே தேவையில்லை.

பழைய கார்டு என்றால், உள்ளே உண்மையில் என்ன சிப் என்று காட்டும் ஜிபியூ-இசட் சாஃப்ட்வேரைப் போட்டுப் பாருங்கள். பழைய சிப் உள்ள கார்டின் பயாஸை மாற்றி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு என்று விற்பவர்கள் உண்டு. அதன் பிறகு அரை மணி நேரம் கேம் ஓட்டி, ஃபேன் சத்தத்தையும் சூட்டையும் கவனித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மாட்டியபின் மானிட்டர் கேபிளைக் கார்டில் சொருகுங்கள். மதர்போர்டிலேயே விட்டுவிட்டு, "புதுக் கார்டிலும் வேகம் இல்லையே" என்று கடைக்குப் படையெடுப்பவர்கள் ஏராளம். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கரண்ட் போனதும் கேமை நிறுத்திவிடுங்கள். ஐப்பசியில் இடி வெட்டினால் பிளக்கோடு நெட் கேபிளையும் உருவிவிடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.