வரைபடத்தை மாற்றினால் இலக்கத்தையும் மாற்ற வேண்டுமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் கல்முனையிலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியதை எடுக்கிறேன். அவர் கேட்கிறார்: "அண்ணா, நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து நெல் தூற்றும் மெஷின் செய்து விற்கிறோம். வரைபடம் எல்லாம் கூகுள் டிரைவில் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பொறியியலாளர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் படிவம், ஒப்புதல் வேண்டும் என்கிறார். இந்த மாற்ற முகாமைத்துவம் எல்லாம் பெரிய கம்பனிகளுக்கு உரியது இல்லையா?"

நல்ல கேள்வி. உங்களுக்கும் தேவை தங்கச்சி. ஆனால் படிவத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் பாக இலக்கத்தைப் பற்றி, அதாவது ஒவ்வொரு பாகத்தையும் அடையாளம் காண வரைபடத்தில் போடும் எண்ணைப் பற்றிக் கதைப்போம்.

நான் முன்பு வேலை செய்த ஒரு பட்டறையிலும் இதே மாதிரி மெஷின்தான் செய்தோம். விசிறி ஷாஃப்ட் 20 மில்லிமீற்றர், அதற்கு 6204 பேரிங். இரண்டு மூன்று இடத்தில் ஷாஃப்ட் முறிந்தது. சரி என்று 25 மில்லிமீற்றராக்கி 6205 பேரிங் போட்டோம். நல்ல மாற்றம்தான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் பழைய வரைபடத்தின் மேலேயே திருத்தி, அதே இலக்கத்தில் சேமித்துவிட்டோம்.

அடுத்த பெரும்போக வெட்டு நேரம் வெல்லாவெளிப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். ஷாஃப்ட் முறிந்துவிட்டது, நெல் களத்தில் குவிந்து கிடக்கிறது, வானமும் இருட்டிக்கொண்டு வருகிறது. இலக்கத்தைப் பார்த்து ஷாஃப்டும் பேரிங்கும் எடுத்துக் கொடுத்தோம். அவர் ஊருக்குப் போய்ப் பூட்டப் பார்த்தால், அவருடைய ஹவுசிங்கில், அதாவது பேரிங் உட்காரும் கூட்டில், 47 மில்லிமீற்றர் வட்டம், நாங்கள் கொடுத்த பேரிங்கின் வெளிவட்டம் 52. எப்படி இறங்கும்? திரும்பி வந்தார். அவரிடம் இருப்பது பழைய மெஷினா புதியதா என்று சாமான் கொடுக்கும்போது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை, மெஷினில் தொடரிலக்கமே இல்லை. அன்றிரவு மழையும் பெய்தது. அந்த மனுஷன் எங்களைத் திட்டவில்லை, பேசாமல் வாங்கில் உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

கன்ஃபிகரேஷன் முகாமைத்துவம் என்பது இதுதான்: எந்த மெஷினுக்குள் என்ன இருக்கிறது என்று எப்போது கேட்டாலும் சொல்லக்கூடியதாக இருப்பது. ஐஎஸ்ஓ 10007 என்று இதற்கு ஒரு வழிகாட்டியே இருக்கிறது, நேரம் கிடைத்தால் வாசியுங்கள்.

கூகுள் டிரைவ் போதுமா? நீங்கள் ஏற்றும் கேட் (CAD, கணினியில் வரைந்த வரைபடம்) கோப்பின் பழைய பதிப்புகள் 30 நாட்களுக்குப் பிறகோ 100 பதிப்புகளைத் தாண்டினாலோ அழிந்துபோகலாம், நிரந்தரமாக வைத்திரு என்று நீங்களே குறிக்காவிட்டால். அப்படியே குறித்து வைத்தாலும், வெல்லாவெளியில் நிற்கும் மெஷின் எந்தப் பதிப்பில் செய்தது என்று டிரைவுக்குத் தெரியாது.

அப்ப எப்போது பாக இலக்கத்தை அப்படியே விட்டு வரைபடத்தின் திருத்த எழுத்தை மட்டும் ஏ, பி என்று கூட்டுவது, எப்போது புது இலக்கம் போடுவது? உருவம், பொருத்தம், செயற்பாடு மூன்றையும் பாருங்கள். புதியது பழையதன் இடத்துக்குப் போகுமா, பழையது புதியதன் இடத்துக்குப் போகுமா? இரண்டு பக்கமும் ஓம் என்றால் மட்டும் இலக்கம் அப்படியே இருக்கலாம். எங்கள் ஷாஃப்ட் தனியாக இரண்டு பக்கமும் போகாது, ஆகவே புது இலக்கம். ஷாஃப்ட், பேரிங், ஹவுசிங் மூன்றும் சேர்ந்த தொகுதி? மெஷினின் இரும்புச் சட்டத்தில் இருக்கும் நான்கு போல்ட் ஓட்டையும் மாறவில்லை, புதுத் தொகுதி பழைய மெஷினில் அழகாக உட்காரும். பலர் இங்கேதான் ஏமாறுவார்கள். பழைய தொகுதியைப் புது மெஷினில் போடலாமா? பூட்டலாம், ஆனால் முறியும் என்றுதானே மாற்றினோம்! ஆகவே தொகுதிக்கும் புது இலக்கம்தான். மெஷினின் மாடல் பெயரை மாற்றத் தேவையில்லை, எந்தத் தொடரிலக்கத்திலிருந்து புதுத் தொகுதி என்று எழுதி வைத்தால் சரி.

பெரிய கம்பனிகள் இதைச் சரியாகச் செய்கின்றன என்று நினைக்காதீர்கள். ஜெனரல் மோட்டர்ஸ் கார்களில் ஒரு இக்னிஷன் சுவிட்ச். சாவிக்கொத்து பாரமாக இருந்தால்கூட ஓட்டத்தில் சாவி திரும்பி எஞ்சின் நின்றுவிடும், அப்போது மோதினால் ஏர்பேக்கும் விரியாது. 2006இல், சாவி இலகுவில் திரும்பாதபடி, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கையும் அது தள்ளும் சிறு முளையான பிளஞ்சரையும் நீளமாக்க ஒப்புதல் கொடுத்தார்கள். பாக இலக்கத்தை மாற்றவில்லை. பொருத்தம் ஒன்றுதான், செயற்பாடு வேறு. பிறகு ஆராய்ந்தவர்களுக்குப் பழைய கார்களில் மட்டும் ஏன் பிரச்சினை என்று விளங்கவேயில்லை, ஏனென்றால் ஏட்டின்படி இரண்டும் ஒரே சுவிட்ச். பழையதையும் புதியதையும் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் வெளியில் வந்தது. 2014இல் சுமார் 26 இலட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தார்கள். புதிய சுவிட்ச்சோடு வெளிவந்த 2008 முதல் 2011 வரையான கார்களும் அதில் அடங்கின, திருத்தும்போது யாராவது பழைய சுவிட்ச்சைப் போட்டிருந்தால் பிரித்தறிய வழியில்லை. நட்டஈட்டு நிதியம் ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. ஒரு இலக்கம் மாறியிருந்தால் எவ்வளவோ முன்பே பிடித்திருக்கலாம்.

இப்ப படிவத்துக்கு வருவோம். ஒரு பக்கத் தாள் போதும். என்ன மாறுகிறது, ஏன், இருப்பில் உள்ள பழைய சாமானை என்ன செய்வது, ஏற்கனவே விற்ற மெஷின்களுக்கு என்ன, எந்தத் தொடரிலக்கத்திலிருந்து. கையெழுத்து மூன்று பேர்: வரைகிறவர், பட்டறை மேஸ்திரி, உதிரிப்பாகம் கொடுக்கிறவர். மூன்றாவது ஆளை விட்டுவிடாதீர்கள், அன்று எங்களிடம் அவரைக் கேட்டிருந்தால் "பழைய மெஷின்காரன் வந்தால் என்ன கொடுப்பது?" என்று முதல் கேள்வியே கேட்டிருப்பார். வெட்டு நேர அவசரம் என்றால் மூன்று பேரும் நின்ற நிலையில் பத்து நிமிடத்தில் முடிக்கலாம்.

விற்ற மெஷின்களில் தொடரிலக்கம் இல்லை என்றால், அடுத்ததாக வெளியே போகும் மெஷினிலிருந்தே சட்டத்தில் பஞ்ச் அடிக்கத் தொடங்குங்கள். ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், வயல் சேற்றில் ஒரு போகம்கூடத் தாங்காது.