லயன்ஸின் 2023 டிராஃப்ட்: திட்டு வாங்கியவர்கள் நின்றார்கள், கைதட்டு வாங்கியவர் போனார்

வணக்கம் மக்களே. பின்னால் ஹீட்டர் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மிச்சிகன் குளிரில் அதை அணைத்துவிட்டுப் பேசும் தெம்பு எனக்கில்லை.

இன்றைக்கு நம்ம ஊர் அமெரிக்கக் கால்பந்து அணி டெட்ராய்ட் லயன்ஸின் 2023 டிராஃப்டை எடுத்துக்கொள்கிறேன். டிராஃப்ட் என்றால் கல்லூரியில் ஆடி வரும் பசங்களை அணிகள் வரிசையாக எடுப்பது. டிராஃப்ட் முடிந்த மறுநாள் காலையிலேயே ஒவ்வொரு அணிக்கும் கிரேடு போடுவது இங்கே ஒரு தொழிலாகவே நடக்கிறது. பையன் ஒரு பந்துகூடத் தொட்டிருக்க மாட்டான், அதற்குள் அவனுக்கு சி மைனஸ். இந்தப் பசங்கள் மூன்று சீசன் ஆடி முடித்தாயிற்று, இப்போது மதிப்பெண் போடுவதில் நியாயம் இருக்கிறது.

அமெரிக்கக் கால்பந்துக்குப் புதியவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். ஐபிஎல் ஏலம் மாதிரி இங்கே பணத்தை ஏற்றிக் கேட்க முடியாது. போன வருடம் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்குச் சுற்றின் கடைசி வாய்ப்பு. மொத்தம் ஏழு சுற்று. பையனின் சம்பளத்தை அவன் ஆடும் இடம் முடிவு செய்யாது, எத்தனையாவது ஆளாக எடுத்தார்கள் என்பதுதான் முடிவு செய்யும். 2011 ஒப்பந்தத்திலிருந்து இப்படித்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அன்று நடந்த சண்டை மொத்தமும் இதைச் சுற்றித்தான்.

2023 ஏப்ரல் 27, கன்சாஸ் சிட்டி. லயன்ஸ் கையில் முதல் சுற்றிலேயே இரண்டு பிக், அதாவது ஆள் எடுக்கும் வாய்ப்பு. 18ஆவது பிக் சொந்தமானது. 6ஆவது வந்த கதைதான் சுவாரஸ்யம். 2021இல் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டை, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவரை, ராம்ஸ் அணிக்குக் கொடுத்து, அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஜாரட் காஃபையும் சில பிக்குகளையும் வாங்கினார்கள். ராம்ஸ் அந்த சீசனிலேயே சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியை ஜெயித்துவிட்டது. ஆனால் அடுத்த வருடம் 5 வெற்றி, 12 தோல்வி என்று படுத்துவிட்டது. ராம்ஸ் விழ விழ, அவர்களுடைய பிக்கை வைத்திருந்த நமக்கு எண் மேலே ஏறியது. அந்த சீசனில் நம் ஆட்டத்தைவிட ராம்ஸ் தோற்பதை அதிக ஆசையோடு பார்த்த லயன்ஸ் ரசிகர்கள் உண்டு. நான் பெயர் சொல்ல மாட்டேன்.

பொது மேலாளர் பிராட் ஹோம்ஸ் என்ன செய்தார்? 6ஐயும் 81ஐயும் அரிசோனாவுக்குக் கொடுத்துவிட்டு 12, 34, 168 வாங்கினார். அதுவரை எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் 12இல் ஜாமீர் கிப்ஸ், அலபாமா, ரன்னிங் பேக் (பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர்) என்று அறிவித்தார்கள். இங்கே பாதி மிச்சிகன் டிவியைப் பார்த்துக் கத்தியது.

ஏன் கத்தினார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2022இல் விட்டுக்கொடுத்த யார்டுகளில் லீக்கிலேயே கடைசி இடம் நம் டிஃபென்ஸுக்கு. கிறிஸ்டியன் கான்சாலஸ் என்ற நல்ல கார்னர்பேக், அதாவது பாஸ் பிடிக்க ஓடும் எதிரணி ஆளைத் தடுப்பவர், அந்த நேரத்தில் எடுக்கப்படாமல் இருந்தார், 17இல் பேட்ரியட்ஸ் கொண்டுபோனது. அதுவும் போகட்டும், டேவிட் மான்ட்கோமரி என்ற ரன்னிங் பேக்கை மூன்று வருடத்துக்கு 18 மில்லியன் டாலர் பேசி ஒரு மாதம் முன்னால்தான் கொண்டுவந்திருந்தார்கள். கூரை ஒழுகுகிற வீட்டில் வாசலுக்கு இரண்டாவது பூந்தொட்டி வாங்கி வைத்த மாதிரி இருந்தது பார்ப்பவர்களுக்கு.

இப்போது சம்பள விஷயத்துக்கு வாருங்கள். 12ஆவது பிக்குக்கு ஒரே சம்பளம்தான். அந்தப் பணத்துக்கு ஒரு கார்னர்பேக் கிடைத்தால் அடிமாட்டு விலை, சந்தையில் நல்ல கார்னர்பேக் அவ்வளவு விலை போகிறான். அதே பணத்தை ரன்னிங் பேக்குக்குக் கொடுத்தால், அவன் வந்த அன்றே தன் இடத்தில் ஆடுபவர்களில் நல்ல சம்பளக்காரன் ஆகிவிடுவான். மலிவு என்ற லாபம் அங்கே கிடைக்காது. நிபுணர்களின் வாதம் இதுதான், அது தப்பான வாதமும் இல்லை. கிப்ஸ் நன்றாக ஆடிவிட்டார் என்பதால் இந்தக் கணக்கு பொய்யாகிவிடாது. அந்த விலைக்கு மேல் ஆடியே தீர வேண்டிய நிலையில் அவரை நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

ஆடினாரா? முதல் வருடம் மான்ட்கோமரியோடு பங்கு போட்டுக்கொண்டே 945 யார்டு ஓட்டம், எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோகும் டச்டவுன் 10. 2024இல் 1,412 யார்டு ஓட்டம், ஓட்டத்திலும் பந்து பிடித்ததிலும் சேர்த்து 20 டச்டவுன். இரண்டு வருடமும் தலா 52 பாஸ் பிடித்திருக்கிறார். வெறும் ரன்னிங் பேக் என்று சொல்பவர்கள் இந்த 52ஐப் பார்ப்பதே இல்லை. 2024 கடைசி ஆட்டம் நினைவிருக்கிறதா? வைகிங்ஸோடு, ஜெயித்தவனுக்கு லீக்கின் இரண்டு பிரிவுகளில் நம் பிரிவான என்எஃப்சியின் முதலிடம். மான்ட்கோமரி முழங்கால் காயத்தில் வெளியே. மொத்தச் சுமையும் கிப்ஸ் தலையில். நான்கு டச்டவுன், 31-9.

2025 நவம்பரில் நியூயார்க் ஜயண்ட்ஸோடு நடந்ததைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். நம் மைதானமான ஃபோர்ட் ஃபீல்டில், ஒன்றுக்கும் உதவாத சீசனில் இருந்த ஜயண்ட்ஸிடம் தோற்கப் போகிறோம் என்று எல்லோரும் தலையில் கை வைத்தாயிற்று. ஜேக் பேட்ஸ் 59 யார்டிலிருந்து உதைத்து 27-27 ஆக்கினார். கூடுதல் நேரத்தின் முதல் பிளே. பந்து கிப்ஸ் கையில். முதல் இரண்டு எட்டு வைக்கும்வரை அவர் அவசரமே படவில்லை, லைன் ஆட்கள் தள்ளித் திறக்கட்டும் என்று காத்திருக்கிறார். ஒரு ஆள் நுழையும் சந்து தெரிந்ததும் அவ்வளவுதான், 69 யார்டு, ஒரே ஓட்டம், டச்டவுன். அதற்கு ஜயண்ட்ஸால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று மட்டும் 219 யார்டு. இந்த மாதிரி ஆளை எந்த எண்ணில் எடுத்தால் என்ன என்று அந்த நிமிஷம் எனக்கும் தோன்றியது.

குறை இல்லாமல் இல்லை. 2023 சீசனின் என்எஃப்சி இறுதியாட்டத்தில், நைனர்ஸுக்கு எதிராக 24-7 முன்னிலையில் இருந்த நாம் சரிந்தபோது, மூன்றாவது குவார்ட்டரில் காஃபிடமிருந்து பந்து வாங்கும் இடத்தில் தடுமாறித் தவறவிட்டவரும் இவர்தான். 34-31. அதைப் பற்றி மேலே பேச வேண்டாம். என் மதிப்பெண் நூற்றுக்கு 90.

18இல் ஜாக் கேம்பல், அயோவா, லைன்பேக்கர் (டிஃபென்ஸ் லைனுக்குப் பின்னால் நிற்பவர்). இதற்குத் திட்டு இன்னும் அதிகம், ஏனென்றால் நடுவில் நிற்கும் லைன்பேக்கரை இரண்டாம் சுற்றிலேயே எடுக்கலாம் என்பது பொதுக் கருத்து. முதல் வருடம் சுமார்தான், மறைக்க ஒன்றுமில்லை. 2024தான் திருப்பம். எய்டன் ஹட்சின்சன் கால் உடைந்து போனார், டெரிக் பார்ன்ஸ் போனார், நவம்பரில் அலெக்ஸ் அன்சலோன் கை எலும்பு முறிந்தது. டிஃபென்ஸில் ஒரு ஆளின் ஹெல்மெட்டில் மட்டும் பின்பக்கம் சின்னப் பச்சைப் பொட்டு ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். பயிற்சியாளரின் குரல் அந்த ஹெல்மெட்டுக்குத்தான் கேட்கும், அவர்தான் மற்ற பத்துப் பேருக்கும் சொல்ல வேண்டும். அன்சலோன் விழுந்ததும் அந்தப் பொட்டு கேம்பலிடம் வந்தது. அந்த சீசனில் 131 டாக்கிள், அதாவது பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்தியது. பாதி டிஃபென்ஸ் மருத்துவமனையில் கிடக்க, அணி 15-2 என்று முடித்தது என்றால் அதில் இவர் பங்கு பெரியது. கிப்ஸின் ஓட்டம் ஹைலைட்ஸில் வரும், கேம்பல் செய்வது வராது. 85 போடுகிறேன்.

34இல் சாம் லபோர்ட்டா, டைட் எண்டு, அதாவது எதிராளியைத் தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர். இவரும் அயோவா. அந்தக் கல்லூரியின் அட்டாக் எவ்வளவு பாவம் என்றால், தலைமைப் பயிற்சியாளரின் மகன்தான் அதற்குப் பொறுப்பு, அவருடைய ஒப்பந்தத்தில் சராசரியாக 25 புள்ளி எடுத்தே ஆக வேண்டும் என்று எழுதிவைக்கும் அளவுக்குப் போனது. அப்படிப்பட்ட இடத்தில் 58 பாஸ் பிடித்தவர், நல்ல குவார்ட்டர்பேக் கிடைத்ததும் முதல் வருடத்திலேயே 86 பிடித்தார். புதுமுக டைட் எண்டுகளில் அன்று அதுதான் சாதனை. சீசனின் கடைசி ஆட்டத்தில் முழங்கால் பிசகி, இனி வரமாட்டார் என்று நினைத்தோம். ஒரே வாரத்தில் முழங்காலில் பிரேஸ் கட்டிக்கொண்டு வந்து ராம்ஸுக்கு எதிராக டச்டவுன் போட்டார். அந்த 24-23தான் முப்பத்திரண்டு வருடத்தில் நம் முதல் பிளேஆஃப் வெற்றி.

45இல் பிரையன் பிராஞ்ச், டிஃபென்ஸின் பின்வரிசை ஆள். இவரைப் பற்றி யாருக்கும் சண்டை இல்லை. 40 யார்டை 4.58 விநாடியில் ஓடினார், அது மெதுவாம், அதனால் முதல் சுற்றில் இருக்க வேண்டியவர் இறங்கி வந்தார். முதல் ஆட்டமே சாம்பியன் சீஃப்ஸோடு, அதுவும் அவர்கள் மைதானத்தில். 7-14 என்று பின்தங்கி நிற்கும்போது கடேரியஸ் டோனி கையில் பட்டு எகிறிய பந்தைப் பிடித்து 50 யார்டு ஓடி டச்டவுன். நாம் 21-20இல் ஜெயித்தோம். கோபம்தான் இவருக்கு எதிரி. 2025 அக்டோபரில் அதே மைதானத்தில் ஆட்டம் முடிந்த பிறகு சீஃப்ஸ் வீரரை அடித்து ஒரு ஆட்டத் தடை வாங்கினார். ஆளை எடுத்ததற்கு 95, அந்த அடிக்கு நான் எதுவும் போடப் போவதில்லை.

சரி, மூன்றாம் சுற்று. எனக்கு வருத்தமே இங்கேதான். 68இல் ஹென்டன் ஹூக்கர், டென்னசி குவார்ட்டர்பேக், முழங்கால் தசைநார் கிழிந்து குணமாகிக்கொண்டிருந்தவர், வயது 25. அன்றிரவு டிவியில் இந்தப் பிக்கைத்தான் வாயாரப் புகழ்ந்தார்கள், கொள்ளை லாபம் என்றார்கள். காஃபுக்கு அடுத்து இவர்தான் என்று பேச்சு. 2025 ஆகஸ்ட் கடைசியில் அணி அவரை விடுவித்துவிட்டது. பையனைக் குறை சொல்ல மாட்டேன், காயத்தோடு வந்தவருக்குக் களத்தில் நிற்கவே வாய்ப்பில்லை. ஆனால் வயது கணக்குத் தெரிந்துதானே எடுத்தார்கள்?

96இல் பிராட்ரிக் மார்ட்டின், வெஸ்டர்ன் கென்டக்கி, டிஃபென்ஸ் லைனின் நடுவில் நிற்கிற பெரிய உருவம். பின்னால் இருந்த பிக்குகளைக் கொடுத்து முன்னேறி எடுத்தார்கள். களத்தில் அவரை நாம் பார்த்தது விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான்.

இப்போது இந்த 96ஐயும், முதலில் விட்டுக்கொடுத்த 6ஐயும் சேர்த்துப் பாருங்கள். 6ஐ விட்டுக் கொடுத்தபோது நாம் எடுக்காமல் போன ஒருவர் ஜேலன் கார்ட்டர். ஈகிள்ஸ் 9இல் எடுத்தது, அவரோடு சூப்பர் பவுலும் ஜெயித்தது. அவர் ஆடும் இடமும் டிஃபென்ஸ் லைனின் நடுதான். ஆக, 6இல் கிடைக்கக்கூடிய இடத்தை விட்டுவிட்டு, அதே ஓட்டையை 96இல் அடைக்கப் பார்த்தார்கள், அடைபடவில்லை. 2025 ஜனவரியில் கமாண்டர்ஸ் நம் வீட்டுக்கே வந்து 45 புள்ளி அடித்த அன்று, நடுவில் ஒரு கார்ட்டர் இருந்திருந்தால் என்று நினைக்காத லயன்ஸ் ரசிகர் இருக்க முடியாது.

அப்படியானால் அந்தப் பேரம் நஷ்டமா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கார்ட்டர் ஒருவர் ஒரு பக்கம், கிப்ஸும் லபோர்ட்டாவும் இன்னொரு பக்கம். எனக்கு இரண்டு பேர்தான் வேண்டும். ஹோம்ஸிடம் எனக்குள்ள குறை முதல் சுற்றில் இல்லை. தனக்குப் பிடித்துப்போன பக்குவப்படாத பையனுக்காக நடுச் சுற்றுகளில் பிக்குகளை வாரிக் கொடுக்கும் பழக்கம்தான். அடுத்த வருடமே கனடாக் கல்லூரியிலிருந்து ஜியோவானி மனுவை எடுக்க 2025இன் மூன்றாம் சுற்றுப் பிக்கைத் தூக்கிக் கொடுத்தார். 2025இல் ஐசக் டெஸ்லாவுக்காக 2026இன் மூன்றாம் சுற்றுப் பிக் இரண்டு. அமோன்-ரா செயின்ட் பிரவுனை நான்காம் சுற்றில் கண்டுபிடித்த அதே ஆள்தான் இவர். அவரை எடுக்க முன்னே ஏறவே இல்லை, 112 வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

152இல் கோல்பி சோர்ஸ்டல், 219இல் ஆண்ட்வான் கிரீன். கடைசிச் சுற்றுகளில் இப்படித்தான் போகும், நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இனி வரப்போவது பில். கிப்ஸும் கேம்பலும் முதல் சுற்று என்பதால் அவர்களை ஐந்தாவது வருடமும் வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு. லபோர்ட்டாவும் பிராஞ்சும் இரண்டாம் சுற்று, அந்த உரிமை கிடையாது, நான்கு வருட ஒப்பந்தம் 2026 சீசனோடு முடிகிறது. நான்கு பேரும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டுகிறார்கள். ஹட்சின்சன், செயின்ட் பிரவுன், சீவல், காஃப் என்று ஏற்கெனவே பெரிய தொகைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. என்னைக் கேட்டால் முதல் கையெழுத்து பிராஞ்சுக்கு, ஏனென்றால் சேஃப்டி, ஸ்லாட் என்ற இரண்டு பின்வரிசை இடங்களிலும் ஆடும் ஆள் திரும்பக் கிடைக்க மாட்டான். அவருடைய காயத்தைக் காட்டி விலையைக் குறைத்துப் பேசவும் இதுதான் நேரம். கிப்ஸுக்கு உரிமை வருடம் இருக்கிறது, ஒரு வருடம் காத்திருக்கலாம். இதைக் கேட்டு கிப்ஸ் ரசிகர்கள் என்மேல் பாய்வீர்கள் என்று தெரியும், பாயுங்கள். உங்கள் வரிசை என்ன என்றும் கூடவே எழுதிவிடுங்கள். அடுத்த வீடியோவில் 2021 டிராஃப்ட், சீவலில் ஆரம்பிக்கிறேன்.