ஊர்ப்பெயரின் அடிமண்

அவையோர்க்கு வணக்கம்.

இங்கிலாந்தின் வடக்கே யார்க் நகரம் இருக்கிறது. கி.பி. 71 வாக்கில் அங்கே கோட்டை கட்டிய ரோமானியர் அந்த இடத்தை எபோராகம் என்று எழுதினார்கள். அது லத்தீன் சொல் அல்ல. முன்பே அங்கு வாழ்ந்த பிரித்தானியரின் கெல்டிக் பேச்சில் இருந்த பெயர். யூ மரங்கள் நிறைந்த இடம் என்று பலர் பொருள் கொள்கிறார்கள். எபுரோஸ் என்பவனின் நிலம் என்போரும் உண்டு.

ரோமானியருக்குப் பின் குடியேறிய ஜெர்மானிய இனத்தவரான ஆங்கிளியருக்கு அந்தப் பெயரின் பொருள் தெரியவில்லை. அவர்கள் மொழியில் 'எவோர்' என்றால் காட்டுப்பன்றி. காதில் விழுந்ததைத் தெரிந்த சொல்லாக்கி 'எவோர்விக்' என்றார்கள். மரம் பன்றியாகிவிட்டது, பாருங்கள்! 866இல் ஊரைப் பிடித்த வைக்கிங்குகளின் வாயில் அது யோர்விக் ஆகி, பிறகு தேய்ந்து யார்க் ஆனது. இன்றைய ஒலியை மட்டும் வைத்து வேர் தேடுகிறவர் அந்த மரத்தடிக்குப் போய்ச் சேரவே முடியாது.

இங்கிலாந்தின் ஏவன் ஆற்றின் கதையும் இப்படித்தான். கெல்டிக் மொழியில் அந்தச் சொல்லுக்கே ஆறு என்றுதான் பொருள்; அது தெரியாத பின்வந்தோர் அதையே ஆற்றின் பெயராகக் கொண்டார்கள்.

இன்றைய ஒலி மட்டும் போதாது என்பதால்தான் 1923இல் தொடங்கிய ஆங்கில ஊர்ப்பெயர்க் கழகம், இங்கிலாந்தின் நிலக் கணக்கெடுப்பான 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேடு முதலான ஏடுகளில் ஒவ்வொரு பெயரும் எப்படி எழுதப்பட்டது என்று மாவட்டம் மாவட்டமாகத் தொகுத்து வருகிறது. பொறுமையான அந்த உழைப்பை நான் வணங்குகிறேன்.

ஆனால் பழைய வடிவம் கிடைத்தாலும் பொருள் பிடிபடாத பெயர்கள் உண்டு. லண்டனே அப்படிப்பட்டதுதான். லட் என்ற அரசன் பெயரால் வந்தது என்று 12ஆம் நூற்றாண்டில் மன்மத் ஊர்க்காரரான ஜெஃப்ரி என்ற எழுத்தாளர் எழுதினார். 'லண்டீனியம்' என்ற ரோமானிய வடிவத்தில் டகரத்துக்கு முன்னே நிற்கும் ணகர ஒலிக்கு அந்தக் கதையில் இடமே இல்லை. கெல்டிக்குக்கும் முந்தைய ஒரு மொழியில், இறங்கிக் கடக்க முடியாத அகன்ற ஆறு என்ற பொருளில் பிறந்தது என்று 1998இல் மொழியியலாளர் ரிச்சர்ட் கோட்ஸ் சொன்னார். வெள்ளத்தில் மூழ்கும் இடம் என்கிறார் இன்னொரு மொழியியலாளரான பீட்டர் ஸ்க்ரைவர். இரண்டுமே தேம்ஸின் கரையைப் பார்த்துச் சொன்னவை. இரண்டில் எதுவும் இன்னும் நிலைநாட்டப்படவில்லை. லட் மன்னனின் கதையைவிட, முடியாத இந்த வழக்கையே நான் மதிக்கிறேன்.

அந்தப் பெயரின் மிகப் பழைய எழுத்துச் சான்று லண்டன் மண்ணுக்கடியிலேயே கிடைத்தது. மெழுகு பூசிய மரப்பலகை அது. மெழுகு போய்விட்டது, எழுத்தாணி மரத்தில் பதித்த கீறல் நிற்கிறது. கி.பி. 65க்கும் 80க்கும் இடையில் யாரோ எழுதிய முகவரி: 'லண்டனில், மொகோன்டியஸுக்கு'.