மீன் வரைந்த ஜாடிக்குள் என்ன இருந்தது?

இந்த ஜாடியைப் பாருங்கள். மேலே ஒரு மீன் வரைந்திருக்கிறார்கள். ஆனால் உள்ளே இருந்தது மீன் இல்லை, சாக்லேட் பானம்!

வணக்கம் நண்பர்களே. குவாத்தமாலாவின் ரியோ அசுல் என்ற இடத்தில் 1984-ல் திறந்த மத்திய அமெரிக்கப் பழங்குடிகளான மாயர்களின் ஒரு கல்லறையில் கிடைத்த ஜாடி இது. 1500 வருடப் பழசு. மூடியைப் பாருங்கள், திருகினால் பூட்டிக்கொள்ளும்!

[திரையில்: மீன் எழுத்து, பெரிதாக]

மாயர் மொழியில் மீனுக்கு 'கய்' என்று பெயர். அதனால் மீன் படம் போட்டால் 'க' என்று படிக்க வேண்டும். பக்கத்தில் இன்னொரு 'க', கீழே ஒரு 'வ'. கடைசி உயிரெழுத்து ஒலியை விட்டுவிட்டால் 'ககவ்'. அதாவது ககாவோ, சாக்லேட் செய்கிற நம்ம கொக்கோ! மாயர் எழுத்து ஆய்வாளர் டேவிட் ஸ்டூவர்ட் இப்படிப் படித்தார். ஜாடியில் ஒட்டியிருந்த படிவை ஹெர்ஷே சாக்லேட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் சோதித்தார்கள். ககாவோவில் இருக்கும் தியோபுரோமினும் காஃபினும் அதில் இருந்தன. எனக்கு இன்னமும் புல்லரிக்கிறது.

இந்தப் பாத்திரங்களைச் செய்த விதத்தைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். குயவர் சக்கரம் கிடையாது. கையாலேயே வனைந்து, வண்ணக் களிமண் குழம்பால் தீட்டிச் சுட்டார்கள்.

சரி, மாயர் கோப்பைகளின் விளிம்பில் ஓடுகிற எழுத்துக்கு வருவோம். கோப்பைக்குக் கோப்பை ஒரே வரிசையில் வருவதால், இறந்தவருக்கான மந்திரமாக இருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். படித்துப் பார்த்தால், 'இது இன்னாருடைய குடிக்கும் பாத்திரம், ககவ் குடிக்க'! பாத்திரத்தில் பேர் வெட்டுகிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

[திரையில்: பிரின்ஸ்டன் கோப்பை, மெதுவாகச் சுழல்கிறது]

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.பி. 8-ம் நூற்றாண்டை ஒட்டியது, உயரம் ஏறக்குறைய ஒரு சாண். கிழட்டுக் கடவுள் ஒருவர் அரியணையில் உட்கார்ந்திருக்கிறார், சுற்றிலும் 5 பெண்கள். ஓரத்தில் நிற்கிற பெண்ணைக் கவனியுங்கள். ஒரு பாத்திரத்தை உயரத் தூக்கிக் கீழே இருக்கிற பாத்திரத்தில் ஊற்றுகிறாள். சாக்லேட்டை ஆற்றுகிறாள், நுரைக்காக! மாயர்களுக்கு அந்த நுரைதான் முக்கியம்.

கோப்பையை இன்னும் கொஞ்சம் திருப்புங்கள். முகமூடி போட்ட இருவர் ஒருவன் தலையை வெட்டுகிறார்கள். கடவுள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. ஒரு பெண் மட்டும் அதைக் கண்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவளின் காலைத் தட்டுகிறாள். 'ஏய், அங்கே பார்!' என்று நமக்கே கேட்கிறது. இவ்வளவையும் ஒரு சில கோடுகளிலேயே தீட்டிய அந்தக் கைக்கு ஒரு லைக் போடுங்கள்.

அப்புறம் அரியணைக்குக் கீழே ஒரு முயல். ஜாகுவார் தோல் அட்டை போட்ட புத்தகத்தை விரித்து வைத்து, மும்முரமாக எழுதிக்கொண்டிருக்கிறது. என்ன எழுதுகிறது? உங்களுக்குத் தோன்றுவதைக் கமெண்ட்டில் சொல்லுங்கள்.