கட்டைவிரல் நின்ற இடம்

(திருவொற்றியூர் சன்னதி தெருவில், நடனம் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் முன் ஆற்றிய உரை)

பெற்றோர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

"என் பொண்ணு இருபத்தெட்டு முத்திரையும் சுலோகத்தோட ஒப்பிச்சிடுவா" என்று வாசலில் ஒரு அம்மா பூரிப்போடு சொன்னார். நந்திகேஸ்வரர் எழுதிய வடமொழி நாட்டிய நூலான அபிநய தர்ப்பணம் சொல்லும் 28 ஒற்றைக்கை முத்திரைகள் அவை. மனப்பாடம் வேண்டியதுதான். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

பதாகத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு விரலையும் ஒட்டி நீட்டி, கட்டைவிரலை மடக்கினால் பதாகம். மேகம், காடு, ஆறு, இரவு எல்லாவற்றுக்கும் இந்த ஒரே கைதான். 'வேண்டாம்' என்று மறுப்பதற்கும் இதுவேதான். அப்படியானால் ஆறு எது, மேகம் எது? மணிக்கட்டு சொல்லும், கை நிற்கும் உயரம் சொல்லும், எல்லாவற்றுக்கும் மேலே கண் சொல்லும். கை போன வழி கண், கண் போன வழி மனம் என்று நந்திகேஸ்வரர் வரிசை வைத்தது அதனால்தான்.

இது வடமொழி நூலின் சங்கதி மட்டும் அல்ல. மாதவியின் ஆடலாசான் என்னென்ன அறிந்திருந்தான் என்று சொல்லும் இடத்தில் இளங்கோவடிகள் 'பிண்டியும் பிணையலும் எழிற்கையும் தொழிற்கையும்' என்கிறார். பிண்டி ஒற்றைக்கை, பிணையல் இரட்டைக்கை. அழகுக்காகப் பிடிப்பது எழிற்கை. பொருளைச் சொல்ல உழைப்பது தொழிற்கை. கைக்குத் தொழில் உண்டு என்று சொன்ன அந்தச் சொல்லை நான் கொண்டாடுகிறேன். சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையில் ஒற்றைக்கை 33, இணைக்கை 15 என்று பட்டியலே இருக்கிறது. அந்த மாதவி பெற்ற பட்டம் தலைக்கோல், ஆடலில் சிறந்தவர்களுக்குத் தருவது. இங்கே நம் தியாகராசர் கோயில் கல்வெட்டிலும் உறவாக்கின தலைக்கோலி என்ற பெண்ணின் பெயர் இருக்கிறது. பிள்ளைகளே, அடுத்த முறை கோயிலுக்குள் நுழையும்போது அவளை நினைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் வகுப்பில் மீனைக் காட்டும் மச்ச முத்திரை. கைமேல் கை கவிழ்த்து, இரண்டு கட்டைவிரலையும் துடுப்பு மாதிரி சுழற்ற வேண்டும். எல்லாரும் ஒரே வேகத்தில் சுழற்றினார்கள். காசிமேட்டிலிருந்து வரும் ஒரு சிறுமியிடம், "வலையிலேர்ந்து கொட்டின மீனைக் காட்டு கண்ணு" என்றேன். கையைச் சற்றே சாய்த்தாள். கட்டைவிரல் நின்றது. பிறகு விரல்நுனியில் மட்டும் ஒரு துள்ளு. சும்மா இருந்தாள். மறுபடி ஒரு துள்ளு, முன்னதைவிடச் சின்னதாக. பார்வை கையைவிட்டு அசையவே இல்லை. பக்கத்துப் பிள்ளைகள் தங்கள் மீனை மறந்து அவள் மீனையே பார்த்தார்கள். விடியற்காலை ஏலக் கூடைகளுக்கு நடுவே அவள் கண்டு வைத்திருந்த மீன் அது.

பெற்றோரே, பிள்ளையைக் கோயில் வாசலில் பூ கட்டும் அம்மாவின் எதிரே பத்து நிமிடம் உட்கார வையுங்கள். நார் சுற்றும்போது எந்த விரல் மடங்குகிறது, எது பூவைத் தாங்குகிறது என்று பார்க்கட்டும். பார்த்துவிட்டு, பூப்பறிப்பதையும் மாலையையும் காட்டும் கடகாமுக முத்திரையைப் பிடிக்கட்டும். அடுத்த வகுப்பில் நான் அதைத்தான் கேட்கப்போகிறேன்.