சின்னத் துவக்கு, ஈயமில்லாத சன்னம்: வாத்து வேட்டைக்குக் காணுமா?

வணக்கம். கனடாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் இலையுதிர் காலத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்கள் உங்களுக்கும் வந்திருக்கும். சதுப்பு நிலம், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் மெல்லிய ஒரு துவக்கு. வன்னியில் பயிர்காவலுக்கு வைத்திருக்கும் 12 போர் துவக்கைப் பார்த்துப் பழகியவர்கள் உடனே கேட்பார்கள்: "இந்த 28 போர் எல்லாம் வாத்துக்குக் காணுமா?" போர் என்பது துவக்குக் குழாயின் அளவைச் சொல்லும் எண், 28 என்றால் 12ஐவிடச் சின்னது.

காணும். ஆனால் அதைத் தீர்மானிப்பது துவக்கு இல்லை, தோட்டாவுக்குள் இருக்கும் சன்னம் என்ற சின்ன உருண்டைகளின் உலோகம்.

(காட்சி: தியசரு பூங்கா, காலை. மரத்தாராக் கூட்டம் நீரில் இறங்குகிறது.)

அதற்கு முதல் ஒரு விஷயம். இது கொழும்பின் ஈரநிலம். 2018 இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சர் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் நம் நகரத்துக்குக் கிடைத்தது. இங்கே நீங்கள் பார்க்கும் மரத்தாராவும், பனிக்காலத்தில் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வரும் ஊசிவால் வாத்தும் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. நம் நாட்டில் அவற்றைச் சுடக்கூடாது, சரியா? நான் பேசப்போவது உரிமத்தோடும் பருவக் கணக்கோடும் வேட்டை நடக்கும் கனடா, அமெரிக்கா பற்றி.

ஈயத்தை ஏன் விலக்கினார்கள்? வாத்துக்குப் பல் இல்லை. சேற்றிலிருந்து சின்னச் சின்னக் கற்களைப் பொறுக்கி விழுங்கி, இரைப்பையில் வைத்துத்தான் தானியத்தை அரைக்கும். அந்தச் சேற்றில் பழைய ஈயச் சன்னம் கிடந்தால் கல் என்று நினைத்து அதையும் விழுங்கிவிடும். கற்களோடு சேர்ந்து ஈயம் அரைபடும், வயிற்று அமிலத்தில் கரையும், இரத்தத்தில் ஏறும். பறவை நாளுக்கு நாள் மெலியும், இறக்கை தொங்கும், கடைசியில் பறக்கவே முடியாது. ஒரே ஒரு சன்னம்கூட ஒரு வாத்தைக் கொல்லப் போதும். அந்த வாத்தைத் தின்னும் கழுகுக்கும் அதே கதிதான். யாரும் குறிவைக்காத பறவை, சுட்டவர் வீட்டுக்குப் போய்ப் பல காலத்துக்குப் பிறகு சாகிறது. இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அமெரிக்கா 1991 இல் நீர்ப்பறவை வேட்டைக்கு நாடு முழுவதும் ஈயச் சன்னத்தைத் தடை செய்தது. கனடா 1999 இல். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் 2023 இலிருந்து.

(காட்சி: மேசையில் இரண்டு தோட்டாக்கள், ஒன்று தடித்தது, ஒன்று மெல்லியது.)

இப்போது 'போர்' கணக்கு. ஒரு இறாத்தல் ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக்கினால் ஒன்றின் விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். அதுதான் 12 போர் குழாயின் அகலம். 28 உருண்டைகளாக்கினால் 14 மில்லிமீட்டர். எண் கூடக் கூடக் குழாய் சிறுக்கும்.

ஈயத்துக்குப் பதிலாக முதலில் வந்தது ஸ்டீல். மலிவு, ஆனால் எடை குறைவு. ஒரு கன சென்ரிமீட்டர் ஈயம் 11.3 கிராம் என்றால் ஸ்டீல் 7.8 கிராம்தான். இலேசான சன்னம் காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். அதை ஈடுகட்ட இரண்டு அளவு பெரிய சன்னம் போடுவார்கள்: ஈயத்தில் 3.3 மில்லிமீட்டர் போட்டவர் ஸ்டீலில் 3.8 போடுவார். சன்னம் பெருத்தால் தோட்டாவுக்குள் கொஞ்சம்தான் அடங்கும். 12 போரில் 35 கிராம் போட்டால் அந்த அளவு ஸ்டீல் சன்னம் சுமார் 156 வரும். 28 போரில் கிட்டத்தட்ட 18 கிராமுக்குத்தான் இடம், சன்னமும் அதில் அரைவாசிதான் வரும். சன்னங்களுக்கு நடுவே இடைவெளி பெருக, வாத்து காயத்தோடு பறந்துபோய் நாணலுக்குள் விழுந்து சாகும். சின்னத் துவக்கில் ஸ்டீல் போட்டுத் தூரத்துக்குச் சுடுவதை நான் சரி என்று சொல்லவே மாட்டேன்.

நிலைமையை மாற்றியது பிஸ்மத் என்ற உலோகம். தகரம் கலந்த பிஸ்மத் ஒரு கன சென்ரிமீட்டருக்கு 9.6 கிராம், ஈயத்துக்கு நெருக்கம். அதோடு மென்மையானது. தாத்தா காலத்துத் துவக்கின் வாய்ப்பக்கம் இறுக்கமாக இருந்தால் கடினமான ஸ்டீல் அந்த இடத்தைப் புடைக்க வைத்துவிடலாம், பிஸ்மத்தில் அந்தப் பயம் குறைவு. எதற்கும் பழைய துவக்கைத் துவக்குத் திருத்துபவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அதற்கும் மேலே டங்ஸ்டன், 18 கிராம் வரை. 2 மில்லிமீட்டர் சன்னமே ஆழமாகப் பாயும், சின்னத் தோட்டாவிலும் நிறைய அடங்கும். விலைதான் கண்ணைக் கட்டும், ஸ்டீலைவிடப் பல மடங்கு.

என்னைக் கேட்டால் 28 போர், பிஸ்மத், 30 மீட்டருக்குள். வாத்து இறக்கையை விரித்து, காலை நீட்டி இறங்கும்வரை பொறுத்திருக்கத் தெரிந்தவருக்கு அந்தத் துவக்கு காணும். பொறுமை இல்லாதவர் 12 போரே எடுக்கட்டும்.

(காட்சி: சட்டத்தில் ஒட்டிய பெரிய வெள்ளைத் தாள், நடுவில் 76 சென்ரிமீட்டர் வட்டம்.)

பருவம் தொடங்குமுன் செய்ய வேண்டியது இதுதான். சுடும் பயிற்சித் திடலில், சுட நினைக்கும் தூரத்தில் தாளை நிறுத்தி ஒரு தோட்டா சுடுங்கள். வட்டத்துக்குள் விழுந்த துளைகளை எண்ணுங்கள். வாத்தின் உடல் அளவுக்கு ஓர் அட்டையை வெட்டித் தாளின்மேல் நகர்த்திப் பாருங்கள். துளையே படாமல் அட்டை ஒளிந்துகொள்ள இடம் இருந்தால் ஐந்து மீட்டர் முன்னால் வந்து, புதுத்தாளில் மறுபடி சுடுங்கள். அட்டைக்கு ஒளிய இடம் இல்லாமல் போகும் தூரம்தான் உங்கள் துவக்கின் எல்லை.